மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகள் – நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



"நாகமலை அடிவாரத்தில் இருக்கிற நமக்கும் பவளப்பாறைக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். மதுரையில் ராமேஸ்வரம் பஸ் ஏறினால் மூன்று, நான்கு மணி நேரத்தில் மண்டபம் வந்துவிடும். அங்கிருந்து தெற்கே, தூத்துக்குடி வரை கரையோரமாக 21 தீவுகள். அவற்றைச் சுற்றித்தான் நம் மாநிலத்தின் முக்கியமான பவளப்பாறைகள் இருக்கின்றன. அங்கே நடந்த அழிவில் கட்டடத் தொழிலுக்கும் பங்கு உண்டு. ஆகவே டிப்ளமோ படிக்கும் நாம் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

பவளப்பாறை என்பது என்ன?

பெயரில்தான் பாறை, உண்மையில் அது கோடிக்கணக்கான சிறு உயிரினங்கள் கட்டிய வீடு. பாலிப் எனப்படும் இந்த உயிரினம் கடல்நீரில் உள்ள கால்சியத்தை எடுத்துத் தன்னைச் சுற்றிக் கால்சியம் கார்பனேட் கூடு கட்டிக்கொள்கிறது. அதன் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசி சூரிய ஒளியில் உணவு தயாரித்துக் கொடுக்கிறது. பாலிப் அதற்கு இடம் கொடுக்கிறது. பவளத்தின் நிறத்துக்கும் பெரும்பாலும் இந்தப் பாசியே காரணம். ஆகையால் தெளிவான, ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான நீரில்தான் இவ்வகைப் பவளம் வளரும். உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம்.

உலகக் கடற்பரப்பில் ஒரு சதவீதம்கூட இல்லாத இந்தப் பாறைகளை நம்பி, கடல்வாழ் இனங்களில் ஏறக்குறைய கால்வாசி வாழ்கின்றன. மீன் குஞ்சு வளர்வதற்குத் தொட்டில் இது. அலையின் வேகத்தைக் குறைக்கும் இயற்கையான தடுப்புச்சுவரும் இதுவே.

சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போன கடல்

கால்சியம் கார்பனேட்டை ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கும் என்பது நாம் முதலாண்டு வேதியியலில் படித்ததுதான். அந்தச் சமன்பாட்டை வைத்தே ஒரு கடல் அழிந்தது. பல பத்தாண்டுகள் தூத்துக்குடி, மண்டபம் பகுதிகளில் பவளத்தைக் கடப்பாரையால் பெயர்த்துத் தோணி தோணியாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்புக்கும், ஆலைகளுக்கும், வீடு கட்டக் கல்லாகவும் அது பயன்பட்டது.

விளைவு? தடுப்புச்சுவர் போனதும் அலை நேராகத் தீவில் மோதியது. பூவரசன்பட்டி, விளாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடி அருகே வான் தீவு 1986-ல் சுமார் 16 ஹெக்டேர் இருந்தது; 2014-ல் சுமார் 2 ஹெக்டேராகச் சுருங்கியது. 1986-ல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. 2001-ல் பவளம் வனஉயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. அப்படியும் 2005 வாக்கில்தான் வெட்டுவது ஓய்ந்தது.

இன்னொரு எதிரி வெப்பம். நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாலிப் பாசியை வெளியே தள்ளிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினியில் சாகும். 2010-லும் 2016-லும் இங்கே இது கடுமையாக நடந்தது. 2016-ல் மட்டும் உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறக்குறைய 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாகக் குறைந்தது.

பாசி எடுக்கும் பெண்கள்

பாதுகாப்பு என்றால் சட்டம் போட்டு வேலி கட்டுவது மட்டும்தானா? இத்தீவுகளைச் சுற்றி முங்கிக் கடற்பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் ஏராளம். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். அவர்கள் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசியிலிருந்துதான் அகர் தயாராகிறது. அகர் எடுக்கும் தொழிற்கூடங்கள் நம் மதுரைப் பகுதியிலேயே உண்டு. ஜிகர்தண்டாவில் சிலர் போடும் கடல்பாசியும் இதே சரக்குதான்!

தேசியப் பூங்கா வந்ததும் தீவுப்பக்கம் போவதே குற்றம் என்றானது. "பவளத்தை வெட்டி விற்றது வேறு ஆள், வயிறு காய்வது நாங்களா?" என்ற கேள்வி நியாயமானது. மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது என்று அப்பெண்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டதும் உண்டு. கடலை நம்பி வாழ்பவரைக் காவலாளியாக ஆக்காமல் எந்தத் திட்டமும் நிலைக்காது.

நம் பங்கு

கெடுத்த தொழில்நுட்பமே சீர்செய்யவும் உதவுகிறது என்பது நமக்கு மகிழ்ச்சியான செய்தி. வான் தீவைக் காக்க, துளைகள் உள்ள சரிவக வடிவச் செயற்கைப் பாறைகளை 2015 முதல் கடலில் இறக்கினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யும், தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் அரசுக்குத் துணை நின்றன. அலை வேகம் குறைந்து மணல் சேர்கிறது. துளைகளில் மீன் குடியேறுகிறது. உடைந்த பவளத் துண்டுகளைக் காங்கிரீட் பலகையில் கட்டி நட்டு வளர்க்கிறார்கள். அச்சு அடிப்பது, எடை கணக்கிடுவது, கம்பி துருப்பிடிக்காமல் பார்ப்பது எல்லாம் சிவில், மெக்கானிக்கல் மாணவர் வேலைதானே?

ஆனால் ஒன்று. செயற்கைப் பாறையைச் சில நாளில் வார்த்துவிடலாம். பவளம் தன் வேகத்தில்தான் வளரும். இருப்பதைக் காப்பதே மலிவான பொறியியல். ராமேஸ்வரம் சுற்றுலா போகும்போது கடையில் பவளத்துண்டு விற்றால் வாங்காதீர்கள், நண்பர்களையும் வாங்க விடாதீர்கள். நாளை கடற்கரையில் ஒரு கட்டுமான வேலை கிடைத்தால், வரைபடத்தில் கரையோடு கோட்டை நிறுத்திவிடாமல், தண்ணிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.