மன இறுக்கமும் மறுவாழ்வும்: நிக்கோபார் தரும் பாடம்

2004 டிசம்பர் 26 காலையில், சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தைத் தொடர்ந்து ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபார் தீவுகளைத் தாக்கியது. கரையை ஒட்டி அமைந்திருந்த நிக்கோபார் சிற்றூர்கள் பல அழிந்தன. உற்றாரையும் வீட்டையும் தென்னந்தோப்பையும் ஒருங்கே இழந்த மக்களுக்கு உணவு, உறைவிடம், மருந்து ஆகியவற்றுடன் மனநல உதவியும் தேவைப்பட்டது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனத்தின் (நிமான்ஸ்) மருத்துவக் குழு அங்குச் சென்று பணியாற்றியது.

மன இறுக்கம் என்பது யாது?

உடலைத் தாக்கும் காரணங்கள் பலவாயினும் உடல் ஒரே வகையான எதிர்வினையைக் காட்டுகிறது என்று ஹான்ஸ் செல்யே 1936-இல் எடுத்துரைத்தார். முதற்கட்டம் எச்சரிக்கை, அட்ரினலின் சுரந்து நெஞ்சு வேகமாகத் துடிக்கிறது. அடுத்தது தாங்கி நிற்றல். துன்பம் நீடித்தால் வருவது தளர்ச்சி. குறுகிய கால இறுக்கம் ஆபத்திலிருந்து காக்கும். நீடித்த இறுக்கமோ உறக்கத்தையும் செரிமானத்தையும் கெடுத்து, இரத்த அழுத்தத்தையும் உயர்த்தக்கூடும்.

இரு வகை முகாம்கள்

போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) 12 முகாம்களில், சொந்தத் தீவுகளை விட்டு வந்த 4,684 பேர் தங்கியிருந்தனர். கார் நிக்கோபாரில் 74 முகாம்களில் இருந்த 8,100 பேர் தம் மண்ணிலேயே வாழ்ந்தனர். முதல் மூன்று மாதங்களில் மனநோய்க்கு உள்ளானோர் இடம்பெயர்ந்தவருள் 5.2 விழுக்காடு, இடம்பெயராதவருள் 2.8 விழுக்காடு.

இவ்வெண்கள் இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றன. முதலாவது, பேரிழப்புக்குப் பின் வரும் அழுகையும் அச்சமும் உறக்கமின்மையும் பெரும்பாலோரிடம் நோயல்ல, இயல்பான துயரமே. இரண்டாவது, சொந்த மண்ணையும் சுற்றத்தையும் பிரிந்தோரிடம் பாதிப்பு மிகுதியாக இருந்தது. ஒன்றுபட்ட சமூகம், குடும்ப அமைப்பு, தலைவர்களின் தன்னலமற்ற தொண்டு, இறைநம்பிக்கை ஆகியவை மக்கள் தாங்கி நிற்கத் துணைபுரிந்தன என்றும் ஆய்வாளர் கண்டனர். நிக்கோபாரியரின் கூட்டுக் குடும்பமான 'துஹெட்' அத்தகையதொரு பிணைப்பாகும்.

அலுவலர் செய்யத்தக்கவை

எனவே, மன இறுக்கத்தைத் தணிப்பது மருத்துவரின் பணி மட்டுமன்று. முகாமில் இடம் ஒதுக்கும் அலுவலர் உறவினரைப் பிரிக்காமல் தங்கச் செய்யலாம். அடுத்து நடக்கவிருப்பதை உரிய காலத்தில் அறிவித்தால் அச்சம் குறையும். வீடு அமையும் இடம், அதன் வடிவம் பற்றிய முடிவுகளில் ஊர்த்தலைவர்களையும் பாதிக்கப்பட்டோரையும் பங்குகொள்ளச் செய்தல் வேண்டும். பள்ளியை விரைவில் திறப்பது சிறுவருக்கு அன்றாட ஒழுங்கை மீட்டுத் தரும். துயருற்றோர் பேச விரும்பினால் பொறுமையாகக் கேட்க வேண்டும். நடந்ததை விவரிக்குமாறு வற்புறுத்தலாகாது.

ஒவ்வொருவரும் கைக்கொள்ளத்தக்க முறைகளும் உள்ளன: மெதுவாக ஆழ்ந்து மூச்சுவிடுதல், குறித்த நேரத்தில் உறங்குதல், உடலுழைப்பு, மதுவைத் தவிர்த்தல், நெருங்கியவருடன் மனம்விட்டுப் பேசுதல். இரவு பகலாக நிவாரணப் பணியாற்றும் ஊழியருக்கும் இவை பொருந்தும். வாரக்கணக்கில் துயரம் தணியாமல் அன்றாட வேலை தடைப்பட்டாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தாலோ மருத்துவரை நாடுதல் இன்றியமையாதது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மனஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

வீடு கட்டித் தருவதோடு மறுவாழ்வு நிறைவடைவதில்லை. அவ்வீட்டின் அண்டையில் யார் வாழ்கின்றனர் என்பதும் மக்களின் மனநலத்தை நிர்ணயிக்கிறது. திட்டமிடுவோர் இதனை முதல் நாளிலேயே கருத்திற் கொள்ள வேண்டும்.