வங்கி பிழைத்தது, யார் செலவில்?

நம்பிக்கை: வங்கி மூழ்கினால் போட்ட பணமெல்லாம் போச்சு.

2020 நவம்பர் 17 மாலை, லட்சுமி விலாஸ் வங்கியில் ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவிப்பு வந்தபோது பல வீடுகளில் எழுந்த பயம் இதுதான். 1926-இல் கரூர் வணிகர்கள் ஏழு பேர் சேர்ந்து தொடங்கிய வங்கி அது. உள்ளூர் வியாபாரிகளுக்கும் விவசாயிகளுக்கும் கடன் கொடுத்து வளர்ந்தது. பின்னாளில் பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன்கள் திரும்பாமல் சரிந்தது.

உண்மை: டெபாசிட்டில் ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, வங்கி டிபிஎஸ் பேங்க் இந்தியாவோடு இணைக்கப்பட்டது. சேமிப்புக் கணக்குகளும் வைப்புத்தொகைகளும் அப்படியே கைமாறின, கட்டுப்பாடும் நீங்கியது.

அழிந்தது பங்கு மூலதனம். ஒரே உத்தரவில் அது முழுவதும் பூஜ்யமானது. பங்கு வாங்கியவர் வங்கியின் உரிமையாளர், நட்டம் முதலில் அவர் தலையில்தான் விழும் என்பது சட்டம். ஆனால் நம் ஊர் வங்கி, தாத்தா காலத்து வங்கி என்று பங்கை வாங்கி பீரோவில் வைத்தவர்கள் அதையும் டெபாசிட்டின் தம்பியாகத்தான் நினைத்திருந்தார்கள். அந்த நினைப்பைத்தான் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். அதே ஆண்டு மார்ச்சில் ஸ்டேட் வங்கி முன்னின்று எஸ் வங்கியை மீட்டபோது, பழைய பங்குகள் அழிக்கப்படவில்லை. அங்கே 8,415 கோடி ரூபாய்க் கடன்பத்திரங்கள் செல்லாமல் போயின. மீட்புக்கு மீட்பு அடிபடுகிறவர் மாறுகிறார்.

நம்பிக்கை: ஒவ்வொரு டெபாசிட்டுக்கும் 5 லட்சம் காப்பீடு.

உண்மை: ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம். ஒரே வங்கியின் மூன்று கிளைகளில் தலா 4 லட்சம் உங்கள் பெயரில் போட்டிருந்தால், 12 லட்சத்துக்கும் காப்பீடு 5 லட்சம்தான். 2020 பிப்ரவரிக்கு முன் இது வெறும் 1 லட்சம்.

நம்பிக்கை: பெருமுதலாளிகளின் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

உண்மை: தள்ளுபடி என்றால் கடன்காரர் இனிக் கட்ட வேண்டாம். வங்கிகள் செய்தது கணக்கேட்டிலிருந்து நீக்குவது. அதற்குப் பிறகும் கடன்காரர் கட்டியாக வேண்டும், வழக்கும் தொடரும். இந்த வேறுபாட்டை அமைச்சர்கள் நாடாளுமன்றத்தில் சொல்லும்போது அவர்கள் சொல்வது சரி. ஆனால் அரசே கொடுத்த கணக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2014-15 தொடங்கி ஒன்பது ஆண்டுகளில் வணிக வங்கிகள் இப்படி நீக்கியது 14.56 லட்சம் கோடி. அதில் சுமார் 7.41 லட்சம் கோடி பெரிய தொழில், சேவை நிறுவனங்களுடையது. நீக்கிய கடன்களிலிருந்து அந்தக் காலத்தில் வசூலானது 2.04 லட்சம் கோடிதான். சொல் தவறு என்று நிரூபித்துவிடலாம், ஆனால் மக்களின் சந்தேகத்தை அப்படித் தள்ளிவிட முடியாது.

நம்பிக்கை: வங்கிகளுக்கு முட்டுக்கொடுத்தது அரசின் பணம், நமக்கென்ன?

உண்மை: 2017 அக்டோபரில் பொதுத்துறை வங்கிகளுக்கு 2.11 லட்சம் கோடி மூலதனம் அறிவிக்கப்பட்டது. அதில் 1.35 லட்சம் கோடி கடன்பத்திரங்கள் வழியாக. அந்தப் பத்திரங்களின் வட்டி ஆண்டுதோறும் பட்ஜெட்டிலிருந்து போகிறது. சம்பளத்தில் பிடிக்கும் வரியும், சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் நாம் கொடுக்கும் ஜிஎஸ்டியும் சேர்ந்ததுதான் அந்த பட்ஜெட். வங்கிகளைக் கைவிட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், உள்ளே இருப்பதும் நம் பணம்தான். ஆனால் கடன் வாங்கி ஏமாற்றியவரைத் துரத்துகிற வேகமும், சிறு கணக்குக்காரரிடம் பிடிக்கிற வேகமும் ஒன்றாக இல்லை என்பது என்னை உறுத்துகிறது. அதே 2017-இல், ஏப்ரல் முதல் நவம்பர் வரை, குறைந்தபட்ச இருப்பு வைக்காதவர்களிடம் ஸ்டேட் வங்கி வசூலித்தது 1,771 கோடி ரூபாய். இது அந்த வங்கியின் ஜூலை-செப்டம்பர் காலாண்டு லாபத்தைவிட அதிகம். 2020 மார்ச்சில் அந்தக் கட்டணத்தை அது கைவிட்டது.

அம்மாவுக்குக் கணக்கு இருந்தது வேறொரு வங்கியில். பாஸ்புக்கில் சிலிண்டர் மானியம் வரவு வைக்கப்பட்டிருந்தது. இரண்டு வரி கீழே இருப்புக் குறைவுக்கான பிடித்தம், அதற்கு ஜிஎஸ்டி தனி வரியாக. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்று முறை படித்தார். மறுநாள், மாத்திரைக்கு எடுத்துவைத்திருந்த ஆயிரம் ரூபாயைக் கணக்கில் கட்டிவிட்டு வந்தார்.