ஒற்றை அறை வீட்டில் உறங்குமிடம்

நல்ல உறக்கத்திற்கு இருண்ட, அமைதியான, குளிர்ந்த தனியறை வேண்டும் என்பது பொதுவாக வழங்கப்படும் அறிவுரை. கலங்கரை விளக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே, லூப் சாலையை ஒட்டியுள்ள நொச்சிக்குப்பம் போன்ற பகுதிகளில் இந்த அறிவுரையைக் கேட்பவர், “தனியறைக்கு எங்கே போவது?” என்று கேட்பது நியாயமே. சமைப்பதும், பிள்ளைகள் படிப்பதும், தொலைக்காட்சி பார்ப்பதும், நோயாளி படுத்திருப்பதும் ஒரே அறையில்தான் நிகழ்கின்றன. அத்தகைய வீட்டிலும் நல்ல உறக்கத்திற்கு வழியுண்டு. அறையின் ஒரு மூலையில் குறித்த நேரத்திற்கு இருளும் காற்றும் அமைதியும் கிடைக்கச் செய்தால், அந்த மூலையே படுக்கையறையாகிவிடும். அதனை அமைக்கும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

உடல் எதிர்பார்ப்பது என்ன?

நம் உடலுக்குள் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் இயங்கும் ஒரு கடிகாரம் உள்ளது. அதன் இயக்கத்தை மூலக்கூறு அளவில் விளக்கிய மூன்று அறிவியலாளர்களுக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இருள் சூழும்போது மூளையில் மெலடோனின் என்னும் சுரப்பு பெருகுகிறது, உடலின் உள்வெப்பம் மெல்லத் தணிகிறது, உறக்கம் வருகிறது. கண்ணில் விழும் வெளிச்சம் இச்சுரப்பைக் குறைக்கிறது. அறையின் புழுக்கம் உடல்வெப்பம் தணிவதைத் தடுக்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 7 மணி நேர உறக்கம் தேவை. தொடர்ந்து உறக்கம் குறைந்தால் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது கடினமாகும்.

காற்று வரும் வழி

கோடையில் நண்பகலையொட்டிக் கிழக்கிலிருந்து கடற்காற்று வீசத் தொடங்கும். இரவு ஏற ஏற அது தளர்ந்து, விடியும் வேளையில் நிலப்பக்கத்திலிருந்து காற்று வருவதே வழக்கம். ஆகவே, கடலை நோக்கிய சன்னலை மட்டும் நம்பியிராமல், எதிர்ப்புறச் சன்னலையோ கதவின் மேலுள்ள காற்றுத் துளையையோ திறந்து வைக்க வேண்டும். காற்று நுழைய ஒரு வழியும் வெளியேற மற்றொரு வழியும் இருந்தால்தான் அறைக்குள் ஓட்டம் உண்டாகும். பீரோவோ அடுக்கிய மூட்டைகளோ அந்த வழியை மறைத்திருந்தால், முதலில் அவற்றை இடம் மாற்றுங்கள்.

மேல்மாடி வீடுகளில் கான்கிரீட் கூரை பகலில் வாங்கிய வெப்பத்தை இரவு முழுவதும் இறக்கும். மொட்டைமாடியில் வெள்ளைப் பூச்சு அடித்தால் அவ்வெப்பம் குறையும். ஈரத்துணியைத் தொங்கவிடும் முறை வறண்ட ஊர்களுக்கு ஏற்றது; கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதி என்பதால் இங்கு அது பெரிதும் பயன் தராது. மின்விசிறியே நமக்கு ஏற்ற துணை. படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சமையலை முடித்துவிட்டால் அடுப்பின் சூடும் தணிந்திருக்கும்.

இருளும் ஒலியும்

தெருவிளக்கின் ஒளி விழும் சன்னலுக்குக் கெட்டியான கருநிறத் துணியைத் திரையாக இடலாம். காற்றும் வேண்டுமென்றால், சன்னலைத் திறந்து வைத்து, படுக்கைக்கும் விளக்குக்கும் இடையே கொடி கட்டிப் பழைய புடைவையை இரண்டாக மடித்துத் தொங்கவிடுவது போதும். தொலைக்காட்சியின் முகம் உறங்குபவரை நோக்கியிராதபடி திருப்பி வையுங்கள். பிள்ளைகள் படிக்கும் விளக்கு மேசையை மட்டும் நோக்கித் தாழ்ந்திருக்கட்டும்.

தொடர்ந்து ஒரே சீராக எழும் அலையோசை உறக்கத்தைப் பெரும்பாலும் கலைப்பதில்லை. திடீரென்று எழும் வண்டியின் ஒலிப்பானே உறங்குபவரை உலுக்கி எழுப்புகிறது. தலைமாட்டைச் சாலைப் பக்கச் சுவரிலிருந்து விலக்கி வையுங்கள். மின்விசிறியின் சீரான ஒலி வெளி ஓசைகளை ஓரளவு மறைக்கும்.

கடலுக்குச் செல்வோரின் உறக்கம்

விடிவதற்கு முன்பே படகு இறக்குபவருக்கும், காலையில் மீன் விற்கும் பெண்களுக்கும் உறக்கம் பல நாள்களில் இரு தவணையாகவே கிடைக்கிறது. அவ்விரு தவணைகளும் நாள்தோறும் ஒரே நேரத்தில் அமைந்தால் உடற்கடிகாரம் அதற்கு ஓரளவு பழகிக்கொள்ளும். பகலில் உறங்குபவர்க்கும் கொசுவலை தேவை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலிலேயே கடிக்கிறது. சென்னையில் மலேரியாவைப் பரப்பும் கொசுவோ மேல்நிலைத் தொட்டிகளில் பெருகி, இரவில் கடிக்கிறது. மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருள் ஏற்றுவது ஆஸ்துமா நோயாளிக்குத் தீங்கு தரும்.

மருந்துச் சீட்டில் “இரவு” என்று எழுதியிருப்பது, மாலை ஆறு மணிக்கு உண்டு, பின்னிரவு இரண்டு மணிக்கு எழுபவருக்குப் பொருந்தாமற் போகலாம். இன்சுலினும் தூக்கம் தரும் மாத்திரைகளும் எடுத்துக்கொள்பவர்கள் தாங்கள் உண்ணும், உறங்கும், கடலுக்குச் செல்லும் நேரங்களை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். மாத்திரை மயக்கத்துடன் படகில் ஏறுவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

நோயாளியின் படுக்கை

முதியவரின் கட்டில், அமர்ந்தால் இரு பாதங்களும் தரையில் படியும் உயரத்தில் இருக்க வேண்டும். கழிவறைக்குச் செல்லும் வழியில் மிதியடியோ வயரோ தண்ணீர்க் குடமோ கிடக்கலாகாது. அவ்வழியில் தாழ்வாக ஒரு மங்கலான விடிவிளக்கு எரியட்டும். நள்ளிரவில் நிகழும் ஒரு சறுக்கல் இடுப்பெலும்பை முறித்துவிடக்கூடும்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களின் கீழ் சுமார் 15 செ.மீ. உயரமுள்ள உறுதியான கட்டைகளை வைக்கலாம். தலையணைகளை மட்டும் அடுக்கினால் கழுத்தே மடங்கும். தாமாகப் புரள முடியாதவர்களைப் பாயில் கிடத்தாமல் காற்று மெத்தையில் படுக்கவைத்து, மருத்துவரின் அறிவுரைப்படி, பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, புரட்டிவிட வேண்டும். வீட்டில் ஆக்சிஜன் கருவி இருந்தால், சுவரையும் திரைச்சீலையையும் ஒட்டாதவாறு வையுங்கள். அதனருகே அடுப்பு, விளக்கு, கொசுவர்த்தி எதையும் ஏற்றலாகாது.

பராமரிப்பவரும் உறங்க வேண்டும்

நோயாளி அழைப்பாரோ என்னும் அச்சத்திலேயே பாதி விழித்திருப்பவர் சில வாரங்களில் தாமே நோயாளியாகிவிடுவார். நோயாளியின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சிறு மணியை வையுங்கள். தண்ணீர், கைவிளக்கு, சிறுநீர்க் குடுவை ஆகியவையும் அங்கேயே இருக்கட்டும். முன்னிரவை ஒருவரும் பின்னிரவை மற்றொருவரும் பகிர்ந்துகொண்டால் இருவருக்கும் தடையில்லா உறக்கம் சிறிதேனும் கிட்டும்.

மருத்துவரை நாட வேண்டிய நேரம்

அறையைச் சீரமைப்பதால் மட்டும் தீராத தொல்லைகளும் உண்டு. உரத்த குறட்டையின் இடையே மூச்சு நின்று திணறுதல், போதிய நேரம் உறங்கியும் பகலில் கண் அயர்தல், மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் உறக்கமின்மை ஆகியவற்றை மருத்துவரிடம் தெரிவியுங்கள். இரவில் வியர்த்து நடுங்கி எழும் சர்க்கரை நோயாளிக்கு உடனே சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். இதயநோயாளி மூச்சுவிடுவதற்கு முன்பைவிடக் கூடுதல் தலையணை தேடினால், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் அழைத்து வாருங்கள்.

இவை அனைத்தையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இன்றிரவு கழிவறை வழியைத் துப்புரவாக்குங்கள். நாளை கொடி கட்டித் திரையிடுங்கள். அடுத்த நாள் பீரோவை நகர்த்துங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, மருந்துச் சீட்டுடன் நோயாளி உறங்கும், விழிக்கும் நேரங்களையும் ஒரு தாளில் குறித்துக் கொண்டு வந்தால், சிகிச்சையைச் செம்மையாக்க எங்களுக்கு அது பெரிதும் உதவும்.