கடுவனைத் தேடும் முன் வீடுகளை எண்ணுங்கள்

செங்கல், உதியன்குளங்கரை, பாறசாலைப் பக்கம் லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் பக்கும் வளர்க்கிற வீடுகள் பெருகிவிட்டன. களியக்காவிளை தாண்டி ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் வருகின்றன. பெட்டை பருவத்துக்கு வந்தால் போதும், "நல்ல கடுவன் ஒண்ணு உண்டு, ஒரு ஈத்தாவது ஈனட்டும்" என்று யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். சம்மதிக்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

1. ஒரு தாளில் குட்டி எடுக்கப்போகிறவர்களின் பெயரை எழுதுங்கள். லாப்ரடாருக்கு ஒரு ஈத்தில் ஏழெட்டுக் குட்டி சாதாரணம். "எனக்கு ஒண்ணு தாங்க" என்று சொன்னவர்களிடம் திரும்பப் போய், "பெட்டைக் குட்டியானாலும் எடுப்பீர்களா? வெளிநாடு போக நேர்ந்தால் யார் பார்ப்பார்கள்?" என்று கேளுங்கள். தயங்கியவரின் பெயரை அடித்துவிடுங்கள். மிஞ்சும் பெயர்கள் நாலைந்துகூட இல்லையென்றால் இந்த வருடம் இணை சேர்க்க வேண்டாம். ரப்பர் தோட்டத்து ஓரத்திலும் சந்தைப் பக்கத்திலும் கழுத்துப்பட்டையின் தடம்கூட மறையாமல் அலைகிற நாய்களைப் பார்த்திருப்பீர்கள். அவையும் ஒரு வீட்டில் ஆசையாகப் பிறந்தவைதான். கொடுத்த குட்டி மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்தாலும் வாங்கிக்கொள்ள உங்கள் வீட்டில் இடம் வேண்டும்.

2. "ஒரு தடவை குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது" என்பது உண்மையல்ல. கருத்தடை செய்த பெட்டைக்குக் கருப்பையில் சீழ் கட்டும் ஆபத்து இல்லை. முதல் பருவத்துக்கு முன்பே செய்துவிட்டால் மடிக்கட்டியும் மிகமிக அரிது.

3. வயதைக் கணக்குப் பாருங்கள். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி 18 மாதம் நிறையாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது. வருடத்துக்கு ஓர் ஈத்து, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விற்பனைக்காக இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெரிய இனம் என்றால் இரண்டு வயது வரை பொறுங்கள் என்பேன். காரணம் அடுத்த குறிப்பில்.

4. லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். எக்ஸ்ரேயை நம்பி முடிவு சொல்ல இரண்டு வயது ஆக வேண்டும். கடுவனுக்கும் எக்ஸ்ரே கேளுங்கள். கே.சி.ஐ. (இந்தியக் கென்னல் கிளப்) பேப்பர் இருக்கிறதே என்பார்கள். அந்தப் பேப்பரில் தாய் தகப்பன் பெயர் இருக்கும், இடுப்பின் நிலை இருக்காது.

5. ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். 2005 ஜனவரியில் தபால்தலையில் இடம்பெற்ற நான்கு இந்திய நாய் இனங்களில் அதுவும் ஒன்று. பால்வெள்ளை உடம்பையும் இளஞ்சிவப்பு மூக்கையும்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் நிறம் தரும் உயிரணுக்கள் உள்காது வேலை செய்யவும் தேவை. உள்காதில் அவை இல்லாத குட்டிக்குக் காது கேட்காது. நீலக்கண் குட்டிகளில் கூடுதல் கவனம் வேண்டும். ஐந்தாறு வாரத்தில், குட்டி தூங்கும்போது அதன் பார்வையில் படாமல் நின்று கை தட்டிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதைக் கண்டுபிடிக்க மூளையின் செவி அலைகளை அளக்கும் கருவி வேண்டும். எனவே முந்தைய ஈத்தில் செவிட்டுக் குட்டி பிறந்திருந்தால் அந்த ஜோடியை மறுபடி சேர்க்காதீர்கள். அண்ணன் தங்கையையும் சேர்க்காதீர்கள், வெள்ளை எவ்வளவு அழகாக வந்தாலும் சரி.

6. பக், புல்டாக் பெட்டைகளை வீட்டிலேயே ஈனவைத்துப் பார்க்கலாம் என்று முயலாதீர்கள். குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு குறுகல். பல தடவை அறுவையில்தான் முடியும்.

7. இணை சேர்க்கும் முன் இரண்டுக்கும் புருசெல்லா ரத்தப் பரிசோதனை. கருச்சிதைவு உண்டாக்கும் இந்தக் கிருமி மனிதருக்கும் தொற்றும். கடுவனுக்கு இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று இறங்காதது பரம்பரைக் குறை.

8. வருகிறவர்களை எல்லாம் கடிக்கப் பாய்கிற நாய் எவ்வளவு லட்சணமாக இருந்தாலும் வேண்டாம்.

9. மழையைக் கணக்கிடுங்கள். கர்ப்பம் சுமார் 63 நாள். ஏப்ரல் 5இல் சேர்த்தால் ஜூன் 7 வாக்கில், இடவப்பாதி மழை கொட்டும்போது குட்டி பிறக்கும். முதல் வாரக் குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது, சுற்றிலும் 30 டிகிரி செல்சியஸ் அளவு சூடு வேண்டும். ஈரம் ஏறாத அறையும் கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலும் தயாராக இல்லையென்றால் அந்தப் பருவத்தை விட்டுவிடுங்கள்.

10. நடுராத்திரிப் பிரசவத்துக்குப் பணமும் வண்டியும் ஒதுக்கி வையுங்கள். அந்த நேரத்தில் திறந்திருக்கிற மிருக ஆஸ்பத்திரி நெய்யாற்றின்கரைப் பக்கமா, திருவனந்தபுரமா என்று முன்பே விசாரியுங்கள். தாயின் உடல் சூடு 99 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் ஒரு நாளுக்குள் ஈனும். பலமாக அரை மணி நேரம் முக்கியும் குட்டி வராவிட்டாலும், முதல் குட்டிக்கு முன்பே பச்சை நீர் கசிந்தாலும் உடனே கிளம்புங்கள். கர்ப்பத்தில் டாக்டர் சொல்லாமல் கால்சியம் மாத்திரை கொடுக்காதீர்கள். ஈன்ற பிறகு பால் கொடுக்கும் தாய் உடம்பு நடுங்கினால் அது சுண்ணாம்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். விடியும்வரை காத்திருந்தால் உயிர் போகும்.

11. பேய்நாய்க்கடி ஊசி போட்டு, அந்தச் சான்றோடு பஞ்சாயத்தில் லைசென்ஸ் எடுங்கள். 2021 ஜூனில் அடிமலத்துறைக் கடற்கரையில் புரூனோ என்ற லாப்ரடாரை அடித்தே கொன்றார்கள். கேரள உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து அந்த நாயின் பெயரையே வழக்குக்கு வைத்தது. வளர்ப்பு நாய்களுக்கு லைசென்ஸ் கட்டாயம் என்று அழுத்திச் சொன்னதும் அந்த வழக்கில்தான். குட்டி எடுப்பவரிடமும் லைசென்ஸ் எடுக்கச் சொல்லுங்கள்.

12. கடுவன்காரருக்குப் பணமா, ஒரு குட்டியா என்பதை முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

13. வேண்டாம் என்று முடிவானால், பருவம் நடக்கிற மூன்று வாரமும் சங்கிலி பிடித்தே வெளியே கூட்டிப்போங்கள். மதில் தாண்டிக் கடுவன் வரும், பகலிலும் வரும். ரத்தக் கசிவு நின்றதும் ஆபத்து முடிந்தது என்று அவிழ்த்துவிடாதீர்கள், சினை பிடிப்பது பெரும்பாலும் அப்போதுதான். கருத்தடை அறுவையைப் பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து வைப்பார்கள். அதற்கான தேதியை இப்போதே டாக்டரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.