எதைக் குழாயில் விடலாம், எதை விடக்கூடாது?

ஓட்டல் சமையலறை, கார் சர்வீஸ் சென்டர், ரத்தப் பரிசோதனைக்கூடம், முலாம் பூசும் பட்டறை என எதில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தாலும், முதல் வாரத்திலேயே ஒருவர் வந்து கேட்பார்: “சார், இதை எங்கே ஊத்துறது?” பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பலரும் யோசிக்காமல் பக்கத்தில் இருக்கும் தொட்டியைக் கைகாட்டிவிடுகிறார்கள். அந்தக் குழாயின் மறுமுனையில் அடைப்பெடுக்கும் தொழிலாளி இருக்கிறார். அதனால் இந்தப் பதில் அவருடைய உயிரோடும் சம்பந்தப்பட்டது.

முதலில், உங்கள் குழாய் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சென்னையில் பாதாளச் சாக்கடை மெட்ரோ வாட்டர் எனப்படும் குடிநீர், கழிவுநீர் வாரியத்துடையது. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. முன்னது கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. பின்னதில் விழுவது அப்படியே கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாயில் போய்ச் சேரும். எனவே கழிவுநீர் மழைநீர் வடிகாலுக்குப் போகவே கூடாது. மொட்டைமாடி மழைநீரைப் பாதாளச் சாக்கடையில் இணைப்பதும் தவறு. அடைமழை நாளில் மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு கழிவுநீர் தெருவுக்கு வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். கட்டட வரைபடத்தை வாங்கி, பிளம்பரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு சிங்க்கும் எந்தத் தொட்டியில் சேர்கிறது என்று நடந்தே பாருங்கள்.

அடுத்தது எண்கள். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளின் ஆறாம் அட்டவணை, பொதுச் சாக்கடையில் விடும் நீருக்கு வரம்பு கட்டியிருக்கிறது. பி.எச். அளவு 5.5 முதல் 9 வரை. ஒரு லிட்டருக்குக் கரையாத துகள்கள் 600 மில்லிகிராம், பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) 350, எண்ணெயும் கிரீஸும் 20, மொத்தக் குரோமியம் 2, ஈயம் 1, பாதரசம் 0.01. உங்கள் நிறுவனத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த இசைவாணையில் இதைவிடக் கடுமையான அளவுகள் இருக்கலாம். அந்தத் தாள் முதலாளியின் பீரோவில் தூங்கினால், ஒரு நகல் எடுத்து உங்கள் மேசையில் வையுங்கள்.

அனுபவசாலிகளும் கவனிக்காமல் விடும் ஒரு நிபந்தனை அதே அட்டவணையில் இருக்கிறது. ஆற்றில் விடும் நீருக்கு பி.ஓ.டி. 30தான், சாக்கடைக்கு 350 வரை சலுகை. சாக்கடையின் முடிவில் நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்திகரிக்கும் நிலையம் இருந்தால் மட்டுமே இந்தச் சலுகை செல்லும். அப்படி ஒன்று இல்லாத ஊரில் உங்களுக்கும் ஆற்று நீருக்கான வரம்புதான். புறநகரிலோ சிறு நகரத்திலோ வேலை செய்பவர்கள் இதை உள்ளாட்சி அலுவலகத்தில் அவசியம் விசாரிக்க வேண்டும்.

ஓட்டல்காரர்களுக்குத் தலைவலி எண்ணெய்தான். லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்றால், ஒரே ஒரு தேக்கரண்டி எண்ணெய் 200 லிட்டருக்கும் அதிகமான தண்ணீரை வரம்புக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடும். சுடுதண்ணீர் ஊற்றினால் கரைந்து போய்விடும் என்பது நம்பிக்கை மட்டுமே. உருகிப் போன கொழுப்பு சற்றுத் தள்ளி ஆறிக் குழாய்ச் சுவரில் அப்பிக்கொள்ளும். பாத்திரங்களைக் கழுவுமுன் எச்சிலையும் குழம்பையும் வழித்துக் குப்பையில் போடச் சொல்லுங்கள். கழிவுநீரிலிருந்து கொழுப்பைப் பிரித்து நிறுத்தும் தொட்டியான கிரீஸ் ட்ராப்பில் மேலே மிதக்கும் கொழுப்பும் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து கால் பங்கு ஆழத்தை எட்டினால் சுத்தம் செய்ய வேண்டும். தேதி போட்டுப் பதிவேட்டில் கையெழுத்தும் வாங்குங்கள். நான் பார்த்தவரை பல இடங்களில் கிரீஸ் ட்ராப் இருக்கிறது, அதைத் திறப்பவர்தான் இல்லை. பொரித்த எண்ணெயைத் தனி டின்னில் சேர்த்து, பயோடீசல் தயாரிப்புக்கு வாங்கும் அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுக்கலாம்.

சர்வீஸ் சென்டரில் கழற்றிய இன்ஜின் ஆயில் அபாயகரக் கழிவு. அதை மூடிய டிரம்மில் 90 நாளுக்கு மேல் வைக்காமல், உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும். பெட்ரோல், தின்னர் ஒரு சொட்டுகூடக் குழாயில் போகக்கூடாது. மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் 1992 ஏப்ரலில் சாக்கடைக்குள் பெட்ரோல் கசிந்து வெடித்ததில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பரிசோதனைக்கூடத்தின் தொற்றுத் திரவங்களைக் கிருமிநீக்கம் செய்த பிறகே மற்ற கழிவுநீரோடு சேர்க்கலாம். ஃபார்மலினைத் தனியாகச் சேகரிக்க வேண்டும்.

பட்டறையில் அமிலத்தொட்டியைக் காலி செய்யும் நாள்தான் மிக ஆபத்தானது. சாக்கடையில் தேங்கிய சல்ஃபைடோடு அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். காற்றைவிடக் கனமான அது மேன்ஹோலின் அடியில் தங்கும். அளவு கூடும்போது மூக்கை மரத்துப்போகச் செய்துவிடுவதால், ஆபத்தில் இருப்பவருக்கு வாசனைகூடத் தெரியாது. குரோமியம் போன்ற உலோகங்கள் சுத்திகரிப்பு நிலையத்தின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தண்ணீர் கலந்து அளவைக் குறைத்துக் காட்டும் தந்திரத்துக்கு ஒருபோதும் உடன்படாதீர்கள். போகிற உலோகத்தின் மொத்த எடை அப்படியேதான் இருக்கும்.

சோதனைக்குக் கழிவுநீர் மாதிரி எடுக்கும் நாளில் உடனிருங்கள். எண்ணெய்ச் சோதனைக்கான நீரைக் கண்ணாடிப் பாட்டிலில்தான் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். பி.ஓ.டி. மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து உடனே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அடைப்பு வரலாம். அப்போது 14420 என்ற உதவி எண்ணை அழைத்து இயந்திரத்தை வரவழையுங்கள். “ஒரு ஆளை இறக்குங்க, சீக்கிரம் முடியும்” என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். உரிய பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ இறக்கி, நேரடியாகவோ ஒப்பந்தக்காரர் மூலமோ வேலை வாங்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும்.