முள் இன்னும் டயரில்தான் இருக்கிறது

டிரையத்லானில் சறுக்குவதற்கு ஒன்றுக்கு மூன்று இடங்கள் உண்டு: நீச்சல், சைக்கிள், ஓட்டம். இடையில் ஹெல்மெட்டும் ஷூவும் மாட்டுகிற டிரான்சிஷனையும் சேர்த்தால் நாலு. சின்னப் போட்டியான ஸ்பிரிண்ட்டே 750 மீட்டர் நீந்தி, 20 கிலோமீட்டர் மிதித்து, 5 கிலோமீட்டர் ஓடச் சொல்கிறது. கோவாவில் 2019-இல் தொடங்கிய அயர்ன்மேன் 70.3-இல் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். இத்தனை மணி நேரம் உடம்பை வேலை வாங்கினால் ஏதாவது ஒன்று பிசகத்தான் செய்யும். பிசகிய பிறகு என்ன செய்வது என்பதுதான் இங்கே விஷயம். குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வட்டாரத்தில் பயிற்சி எடுக்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

விழுந்த இடம் வேறு, இடறிய இடம் வேறு. ஓட்டத்தின் 14-வது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால், ஓட்டப் பயிற்சி போதவில்லை என்று முடிவு கட்டி மறுவாரமே கூடுதலாக ஓடக் கிளம்புகிறோம். பெரும்பாலும் தப்பு நடந்தது அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால், சைக்கிள் மேல்.

அன்றிரவே எழுதுங்கள்

போட்டி முடிந்த இரவே ஒரு நோட்டை எடுங்கள். இரண்டு நாள் போய்விட்டால் மனசு கதை கட்ட ஆரம்பித்துவிடும்; வெயில், தூக்கமின்மை, பக்கத்தில் வந்தவன் இடித்தான் என்று நமக்குத் தோதான காரணங்கள் வரிசையாக வந்து நிற்கும். முதலில் ஐந்து நேரங்களை எழுதுங்கள்: நீச்சல், முதல் டிரான்சிஷன், சைக்கிள், இரண்டாவது டிரான்சிஷன், ஓட்டம். அடுத்து எந்த மணியில் என்ன குடித்தீர்கள், என்ன தின்றீர்கள், எப்போது சிறுநீர் கழித்தீர்கள் என்பது. மூன்றாவதுதான் முக்கியம்: ஏதோ சரியில்லை என்று முதன்முதலாகத் தோன்றியது எப்போது? நின்றுபோன நேரம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். முதல் அறிகுறியைத்தான் மறந்துவிடுகிறோம். சாலையோரம் நின்று பார்த்த வீட்டாரையோ நண்பரையோ கேளுங்கள். உங்கள் தோள் எப்போது தொங்கியது என்று அவர்களுக்குத் தெரியும்.

சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ நோட்டை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். அதெல்லாம் பாடம் படிக்கிற நேரமில்லை.

பின்னாலிருந்து படியுங்கள்

எழுதியதை முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் படியுங்கள். கடைசியில் நடந்தேன், ஏன்? வயிறு எதையும் ஏற்கவில்லை, ஏன்? சைக்கிளின் முதல் மணியில் ஒரு மடக்குகூடக் குடிக்கவில்லை, கடைசி மணியில் மொத்தமாகக் கொட்டிக்கொண்டேன். ஏன் குடிக்கவில்லை? முன்னால் போனவரைப் பிடிக்கிற ஆவேசம். இடறிய இடம் கிடைத்துவிட்டது. வயிற்றுக்கு மாத்திரை தேட வேண்டியதில்லை. முதல் இருபது நிமிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் மிதித்தால் போதும்.

பெரிய ஆட்கள் இதே இடத்தில்தான் விழுந்திருக்கிறார்கள். ஹவாயின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேனை ஏழு முறை வென்றிருந்த பாலா நியூபி-ஃப்ரேசர், 1995-இல் முடிவுக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது தள்ளாடித் தரையில் படுத்துவிட்டார். துரத்தி வந்த கேரன் ஸ்மையர்ஸுக்குப் பயந்து, தண்ணீர் கொடுக்கும் இடங்களில் நிற்காமல் ஓடியதன் விலை அது. வெகுநேரம் கழித்து எழுந்து நடந்து நான்காவதாக வந்தார். அடுத்த ஆண்டே எட்டாவது பட்டத்தை எடுத்தார்.

மார்க் ஆலன் கதை இன்னும் நீளம். 1982-இல் கோனாவில் சைக்கிள் கியர் பழுதாகிப் பாதியில் நின்றார். 1984-இல் சைக்கிளில் பெரிய முன்னிலை எடுத்துவிட்டு ஓட்டத்தில் அதை இழந்து ஐந்தாவதானார். 1987-இல் ஓட்டத்திலும் முன்னால் இருந்தவரை சக போட்டியாளர் டேவ் ஸ்காட் தாண்டிப் போனார். ஆலன் அன்று உள்ளே ரத்தக்கசிவோடு மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. 1989-இல் அவர் முன்னால் பாயவே இல்லை. நாள் முழுக்க ஸ்காட்டின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்து, கடைசி மேட்டில் பிரிந்து, 58 விநாடி வித்தியாசத்தில் வென்றார். அதிலிருந்து மொத்தம் ஆறு முறை வென்றார். 1984-இன் பாடத்தை அவர் அடுத்த ஆண்டே கற்றுவிடவில்லை என்பதை நாமும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

பஞ்சர்

நம் பக்கத்தில் சைக்கிள்காரருக்கு முதல் எதிரி சீமைக்கருவேல முள். பஞ்சரானதும் அவசர அவசரமாக டியூபை மாற்றி, காற்றடித்து, நூறு மீட்டர் போனால் மறுபடி தட்டையாகிறது. முள் டயருக்குள்ளேயே இருக்கிறது. புது டியூபைப் போடுமுன் டயரின் உள்பக்கம் முழுக்கத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சிக்குகிற இடத்தில் முள். வெறும் விரலை விட்டால் விரல்தான் கிழியும். போட்டித் தோல்விக்குக் காரணம் தேடாமல் புது ஷூவும் புது சைக்கிளும் வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த டியூப்தான் நினைவுக்கு வரும்.

பஞ்சர் கடைக்காரரிடம் உட்கார்ந்து, பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதை நேரம் வைத்துப் பழகுங்கள். கடலூர்–விருத்தாசலம் சாலையில் லாரியும் பஸ்ஸும் அதிகம், கரும்பு வெட்டும் காலத்தில் இன்னும் மோசம். வேகப் பயிற்சியை விடியற்காலையில் நெய்வேலி டவுன்ஷிப்பின் அகலமான, மரநிழல் சாலைகளில் வைத்துக்கொள்வது நல்லது. மெதுவான ஓட்டத்துக்கு முந்திரித் தோப்புச் செம்மண் தடங்களைவிட நல்ல தரை கிடையாது.

வியர்வையை அளந்து பாருங்கள்

கடலோர மாவட்டத்துப் புழுக்கத்தில் வியர்வை ஆறாது, ஒழுகிக்கொண்டே இருக்கும், உடம்பு குளிராது. ஆகவே எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதை ஊகத்துக்கு விடாதீர்கள். எடை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரு மணி நேரம் போட்டி வேகத்தில் ஓடி, துடைத்துக்கொண்டு மறுபடி எடை பாருங்கள். குறைந்த ஒரு கிலோ, ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. இடையில் குடித்ததையும் அதோடு கூட்டுங்கள். மே மாதத்தில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை பார்த்தால் உங்கள் கணக்கு உங்களுக்கே தெரியும்.

இழந்தது முழுவதையும் ஓடும்போதே ஈடுகட்ட நினைக்க வேண்டாம். ஓடி முடித்த பிறகு எடை கூடியிருந்தால் அது ஆபத்து: வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி உயிருக்கே உலை வைக்கும். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கரையுங்கள். வீரியமாக இருக்கட்டும் என்று பாதி நீரில் கரைத்தால் வயிறு கெடும். நீண்ட போட்டியில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது நல்ல தொடக்க இலக்கு. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது. கடலை மிட்டாயும் நடக்கும், ஆனால் வேகத்தில் மெல்ல முடிகிறதா என்று பயிற்சியிலேயே பார்த்துவிட வேண்டும். போட்டியன்று புதிதாக எதையும் வாயில் போடாதீர்கள்.

தண்ணீருக்குள் பயம்

கிணற்றிலோ குளத்திலோ நீந்திப் பழகியவர் கடலில் கூட்டத்தோடு இறங்கியதும் மூச்சு முட்டி நின்றுவிடுவது வழக்கம். கையோ காலோ தோற்பதில்லை. மூச்சு முதலில் தோற்கிறது. மல்லாந்து மிதந்து, வாய் வழியே நீளமாக மூச்சை விட்டு, பத்து வீச்சு மெதுவாகப் போட்டுத் திரும்புங்கள். போட்டியில் பாதுகாப்புப் படகைப் பிடித்து இளைப்பாற விதி இடம் கொடுக்கிறது, அதைப் பிடித்து முன்னேறத்தான் கூடாது. ஆறு, எட்டு வீச்சுக்கு ஒரு முறை கண்ணை மட்டும் நீருக்கு மேலே தூக்கி மிதவையைப் பாருங்கள். இல்லாவிட்டால் 1.9 கி.மீ. என்பது 2.2 கி.மீ. ஆகிவிடும்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் நீந்துவதானால் தனியாக இறங்காதீர்கள். அன்றைய நீரோட்டத்தை அங்குள்ள மீனவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய நீர்நிலைகளில் எக்காரணம் கொண்டும் இறங்க வேண்டாம். கோவாப் போட்டி அக்டோபர், நவம்பரில் வருகிறது. அது நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும். ஆகவே கடல் பயிற்சியை செப்டம்பருக்குள் முடித்துவிடும்படி திட்டமிட்டுப் பதிவு செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

நோட்டில் ஏழெட்டுக் குறைகள் தெரியும். அத்தனையையும் ஒரே மாதத்தில் திருத்தக் கிளம்பினால் எது பலன் தந்தது என்றே தெரியாது. முதல் அறிகுறிக்குக் காரணமான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் உடம்பை லேசாக வைத்திருந்துவிட்டு, அதற்கு மட்டும் பயிற்சியை மாற்றுங்கள். ஓட்டத்தில் கால் கனத்ததா? வாரம் ஒரு முறை 40 கிலோமீட்டர் மிதித்து இறங்கியதும் 3 கிலோமீட்டர் ஓடுங்கள். டிரான்சிஷனில் நேரம் போயிற்றா? வீட்டு வாசலில் துண்டு விரித்து மாலையில் பத்து முறை ஒத்திகை பாருங்கள். ஹெல்மெட்டைப் பூட்டிய பிறகே சைக்கிளைத் தொட வேண்டும் என்பது விதி.

ஆறு வாரம் கழித்து அதே பயிற்சி, அதே வேகம், அதே நேரத்து வெயில். பழைய நோட்டில் எழுதிய முதல் அறிகுறி இந்த முறை எந்த நிமிடத்தில் வருகிறது என்று பாருங்கள். நாற்பது நிமிடம் தள்ளிப் போயிருந்தால் அடுத்த போட்டிக்குப் பணம் கட்டலாம். தள்ளிப் போகவில்லை என்றால் நீங்கள் எடுத்தது வேறு முள். நோட்டைத் திறந்து இன்னும் ஒரு படி பின்னால் போய்த் தேடுங்கள். பணம் கட்டுவது அதற்குப் பிறகு.