பவுண்டு, கிலோ, ஏக்கர்: கணக்குப் பிசகினால் உரம் வீண்

நம் நாட்டில் மெட்ரிக் எடைமுறை 1958-ஆம் ஆண்டு முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. பவுண்டு போய்க் கிலோவும் குவிண்டாலும் நிலைத்தன. ஆனால் நிலத்தை இன்றும் ஏக்கர், சென்ட் என்றே விவசாயிகள் கணக்கிடுகின்றனர். உரப் பரிந்துரையோ பெரும்பாலும் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று வருகிறது. பழைய வேளாண்மை நூல்களிலும், அமெரிக்க வெளியீடுகளிலும் ஏக்கருக்கு இத்தனை பவுண்டு என்றிருக்கும். ஆகவே எடை, நிலம் இரண்டையும் சரியாக மாற்றத் தெரிந்திருப்பது அவசியம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1 பவுண்டு (ராத்தல்) = 454 கிராம்
1 கிலோ = 2.2 பவுண்டு
பழைய ஆங்கில டன் (2,240 பவுண்டு) = 1,016 கிலோ
மெட்ரிக் டன் = 1,000 கிலோ (10 குவிண்டால்)
1 ஏக்கர் = 100 சென்ட்
1 ஹெக்டேர் = 2.47 ஏக்கர் (சுமார் இரண்டரை ஏக்கர்)

பவுண்டைக் கிலோவாக்க

பவுண்டைப் பாதியாக்கி, அந்தப் பாதியில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் கிலோ கிடைக்கும். 100 பவுண்டில் பாதி 50; அதில் 5 போக மீதி 45 கிலோ. ஏக்கருக்கு 100 பவுண்டு என்றால் ஏக்கருக்கு 45 கிலோ என்பதே பொருள். இதை ஹெக்டேருக்கு 45 கிலோ என்று கொண்டால், பயிருக்குத் தேவையானதில் பாதிகூடக் கிடைக்காது. ஹெக்டேர் கணக்கு வேண்டுமானால் 112 கிலோ என்று கொள்ள வேண்டும்.

ஹெக்டேர் கணக்கைச் சென்டுக்குக் கொண்டுவர

ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து இடவேண்டும் என்று வைத்துக் கொள்வோம். நிலம் 30 சென்ட். முதலில் 100-ஐ இரண்டரையால் வகுக்க, ஏக்கருக்கு 40 கிலோ. அதில் 30 சென்டுக்கு உரியது 12 கிலோ. இது தழைச்சத்தின் அளவே அன்றி யூரியாவின் அளவு அல்ல. யூரியாவில் தழைச்சத்து 46 சதம். எனவே 12-ஐ 100-ஆல் பெருக்கி 46-ஆல் வகுத்தால், தேவையான யூரியா சுமார் 26 கிலோ. இதைப் பயிருக்குரிய தவணைகளில் பிரித்து இடவேண்டும்.

ஹெக்டேர் அளவை ஏக்கர் அளவென்று தவறாகக் கொண்டால் இதே 30 சென்டில் 65 கிலோ யூரியா விழும். பணம் வீணாவதோடு, நெற்பயிர் மிதமிஞ்சித் தழைத்துச் சாயும். குலைநோயும் புகையானும் எளிதில் தாக்கும்.

மூட்டைக் கணக்கு

முன்பு 50 கிலோவாக இருந்த யூரியா மூட்டை 2018-ஆம் ஆண்டில் 45 கிலோ ஆயிற்று. 26 கிலோ தேவைப்படும் நிலத்திற்கு, பழைய வழக்கப்படி அரை மூட்டை போட்டால் 22.5 கிலோதான் சேரும். மூன்றரை கிலோ குறையும். டி.ஏ.பி. மூட்டை 50 கிலோவாக இருப்பதால், எல்லா உரத்துக்கும் ஒரே மூட்டைக் கணக்கு ஒத்துவராது.

ஆகவே மூட்டையில் அச்சிட்டுள்ள நிகர எடையைப் பார்த்து, தேவையான அளவைத் தராசில் நிறுத்து இடுவதே நலம். பரிந்துரையைக் குறித்துக் கொள்ளும்போது எண்ணை மட்டும் எழுதாமல், அது ஏக்கருக்கா ஹெக்டேருக்கா, சத்தா உரமா என்பதையும் சேர்த்தே எழுதிக்கொள்ள வேண்டும்.